வால்வுக்காரரின் கை

கோத்தகிரி, ஜனவரி, விடியல் ஐந்தே கால்.
கேரட் வயலில் உறைபனி விழுந்திருக்கிறது.
ஒன்பதாம் கட்டிலில் பெனடிக்ட் யோகராசா
கையை நீட்டிக்கொண்டு சொல்கிறார்:
"தேடுங்க சிஸ்டர், அவசரமில்ல."

குளிருக்கு நரம்பு உள்ளே போய்விடும்.
(நரம்பு என்றுதான் எல்லோரும் சொல்கிறோம்.
சிரை என்று எழுதியது பரீட்சைத் தாளோடு சரி.)
வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றி வைக்கிறேன்.
கையைத் தொங்கப் போடச் சொல்கிறேன்.
ரப்பர் பட்டை, விரல் நுனி,
கண்ணை மூடிக்கொண்டு ஒரு தடவல்.
எதுவும் எழும்பவில்லை.

இருபது வருடச் சர்க்கரை.
பாதத்தில் புண், எலும்புக்கு இறங்கவில்லை,
இறங்காமலிருக்க எட்டு மணிக்கொரு தரம் மருந்து,
இன்னும் பதினோரு நாள்.
இந்த எட்டு நாளில் பதினேழு குத்து.
கணக்கு அவருடையது.
அதில் பதினொன்று என்னுடையது என்பது
என் கணக்கு.

தட்டில் நிறங்கள் கிடக்கின்றன.
பச்சை, இந்தக் கைக்கு ஆகாத ஆசை.
இளஞ்சிவப்பு வெள்ளிக்கிழமை போட்டது,
ஒன்றரை நாள் நின்றுவிட்டு, வீங்கி, வெளியே வந்தது.
நீலம் மெலிசு, சமர்த்தாக உள்ளே போகும்,
போய் வால்வில் முட்டிக்கொண்டு நிற்கும்.
மஞ்சள் பச்சைக் குழந்தைக்கானது,
வெட்கத்தோடு அதையும் போட்டேன்.
ராத்திரிக்குள் அடைத்துக்கொண்டது.
பட்டாம்பூச்சி ஊசியை எடுத்து, திரும்ப வைத்தேன்:
இரும்பு அது, தூக்கத்தில் புரண்டால் கிழித்துவிடும்.

"வால்வா? அங்கேயுமா?"
முதல் தடவையாக எழுந்து உட்கார்ந்தார்.
இருபத்தாறு வருடம் இந்த ஊருக்குத்
தண்ணீர் திறந்து மூடுகிறவர்.
இளஞ்சிவப்பை வாங்கி விரலால் அளந்தார்.
"லைன் ஆழத்துல ஓடுது.
உங்க குழாயே ஒரு இஞ்சிதான்.
முக்காவாசி மண்ணுல நிக்குது,
நுனி மட்டும் தண்ணியத் தொடுது.
மேல ஒரு லாரி போனா கழண்டுதானே வரும்?"

பத்து மணிக்கு டாக்டர் ஹேமா போஜனும்
அதையேதான் சொன்னார், லாரி இல்லாமல்.

பிரசவ வார்டு ஓய்ந்த நேரம் பார்த்து
ஸ்கேன் மெஷினைத் தள்ளி வந்தோம்.
முழங்கைக்கு மேலே, ஜெல்லுக்கு அடியில்,
திரையில் இரண்டு கறுப்பு வட்டம்.
அழுத்தினால் துடிப்பது ஒன்று, அதைத் தொடாதே.
அழுத்தினால் நசுங்கிப் படுப்பது ஒன்று,
இத்தனை நாள் ஒளிந்திருந்தவள்.

"நெஞ்சு வரைக்கும் போறது ஒண்ணு உண்டாமே?"
உண்டு. மாதக்கணக்குக்கு அது, எரிக்கிற மருந்துக்கு அது.
உள்ளே போனதும் படம் பிடித்துப் பார்க்க வேண்டும்,
ரத்தம் கட்டாமல் காவல் இருக்க வேண்டும்.
உங்கள் மருந்து சாது.
பதினோரு நாளுக்கு மிட்லைன் போதும்,
ஒரு சாண், அக்குளுக்கு முன்னாலேயே நின்றுவிடும்.

ஸ்டோரில் ஒன்றே ஒன்று இருந்தது.
இந்த விலைக்கு எத்தனை நீலம் வாங்கலாம் தெரியுமா
என்றார் கிளார்க்.
எத்தனை குத்தலாம் என்று நான் கேட்கவில்லை.
கையெழுத்துப் போட்டேன்.

ஐந்தாம் நாள். அதே இருட்டு.
குழாயைக் கழுவ உப்புநீர் ஏற்றப் போகிறேன்.
அவர் போனில் இருக்கிறார், கையை மடக்கி, தாராளமாக.
டானிங்டன் பக்கம் மூன்று நாளாகத் தண்ணீர் இல்லையாம்,
புதுப்பையன் வால்வைத் தேடிக்கொண்டிருக்கிறான்.
"கடப்பாரை போடாத. குத்திக் குத்திப் பாக்காத.
கம்பிய ரோட்டுல ஊனி, காத வச்சுக் கேளு…
கேக்குதா?"

மற்ற கையை என் பக்கம் நீட்டுகிறார்.
சிரிஞ்சை மாட்டுகிறேன், கட்டைவிரல் மெல்ல இறங்குகிறது.
"மெதுவா, மெதுவா தொற. பழைய லைன் அது.
மொதல்ல கலங்கித்தான் வரும்.
பயந்து மூடிடாத."

நான் மூடவில்லை.
மற்ற கை இல்லை, இந்தக் கை என்று
மட்டும் சொன்னேன்.